மலிவு மடிக்கணினியில் லினக்ஸ்: காசு கொடுப்பதற்கு முன் பதினைந்து நிமிடம்

“தம்பி, கடைக்காரர் 650 வெள்ளி சொல்றாரு. விண்டோஸ் 11 ஏறாதாம், லினக்ஸ் போட்டுத் தர்றேங்கிறாரு. பையன் படிவம் நாலு. வாங்கலாமா, வேணாமா?”

கிள்ளானிலிருந்து ஓர் அம்மா அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு இது. வானொலி நிகழ்ச்சிக்குப் பாட்டு விருப்பமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் வரும் என்று நினைப்பீர்கள். கணினி வாங்கலாமா என்ற கேள்விகளும் நிறையவே வருகின்றன. அண்மைக் காலமாக அவற்றில் ‘லினக்ஸ்’ என்ற சொல் அடிக்கடி தலைகாட்டுகிறது. கேட்பவர்கள் கணினிப் பிரியர்கள் அல்லர். பிள்ளைகளின் படிப்புக்காக 600, 700 ரிங்கிட்டை எண்ணி வைத்திருக்கும் பெற்றோர். அந்தக் காசுக்கு ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும். அது ஓடவில்லை என்றால் அந்த ஆண்டுக்கு வேறு பெட்டி கிடையாது.

ஏன் இப்போது இந்தக் கேள்வி? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு என்று அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோதான் ஏற்கப்படும். செயலியின் பெயரில் ‘ஐ5’ என்பதற்கு அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, ஏறும். 7300 என்றால் ஏழாம் தலைமுறை, முறைப்படி ஏறாது.

கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் இருக்கும் பெரிய நிறுவனங்கள் மடிக்கணினிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகக் கழித்துவிடும். லெனோவோ திங்க்பேட் டி470, டெல் லேட்டிட்யூட் 7480, எச்பி எலைட்புக் 840 ஜி3 போன்றவை அந்த வகை. புதிதாக வாங்கியபோது பல ஆயிரம் ரிங்கிட். இன்று பழைய பொருள் கடைகளில் ஆயிரத்துக்குள் கிடைப்பதுண்டு. இவற்றில் பல ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலி கொண்டவை. விண்டோஸ் 11 கதவை அடைத்துவிட்டதால் கடைக்காரர்களுக்கு இருப்பது இரண்டு வழிகள்: குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்பது, அல்லது லினக்ஸ் என்று சொல்வது. சொல்கிற எல்லோருக்கும் லினக்ஸ் தெரியுமா என்பது வேறு விஷயம்.

லினக்ஸ் புதிதாக முளைத்ததல்ல. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கியது. மூல நிரல் திறந்தே இருக்கும். யாரும் பார்க்கலாம், மாற்றலாம், இலவசமாகப் பகிரலாம். உங்கள் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கருதான். வீட்டுக் கணினிக்கென்று அதைப் பலர் பல விதமாகப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். 2004-இல் வந்த உபுண்டு, அதை அடிப்படையாகக் கொண்டு 2006-இல் வந்த லினக்ஸ் மின்ட் ஆகியவை அவற்றில் பெயர்பெற்றவை. விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட் சுலபம் என்பது என் எண்ணம். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று எல்லாம் பழக்கப்பட்ட இடத்தில் இருக்கும்.

சரி, எந்த மலிவு மடிக்கணினி லினக்ஸுக்குப் பொருந்தும்? பலர் விலையையும் பிராண்டையும் பார்க்கிறார்கள். அவற்றில் விடை இல்லை. ஒரே பிராண்டு, ஒரே தொடரில் வரும் இரண்டு கணினிகளுக்குள் வெவ்வேறு வைஃபை சில்லு இருக்கும். ஒன்று உடனே வேலை செய்யும், மற்றது கம்மென்று கிடக்கும்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கணினியின் ஒவ்வோர் உறுப்போடும் பேச ஒரு சிறு நிரல் தேவை. அதை டிரைவர் என்கிறோம். விண்டோஸுக்கான டிரைவரை உறுப்பைத் தயாரிக்கும் நிறுவனமே எழுதித் தந்துவிடும். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் கருவுக்குள்ளேயே சேர்ந்து வருகின்றன. இன்டெல் போன்ற நிறுவனங்கள் தாங்களே எழுதிக் கொடுக்கின்றன. சில நிறுவனங்கள் கண்டுகொள்வதில்லை. யாரோ தன்னார்வலர் உட்கார்ந்து எழுதும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அலுவலகங்களுக்கென்று தயாராகும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் இன்டெல் வைஃபை இருக்கும். லினக்ஸ் பயன்படுத்தும் பொறியாளர்களும் அவற்றை வாங்குவதால், லெனோவோ, டெல், எச்பியின் அலுவலக மாடல்கள் பலவற்றை உபுண்டு நிறுவனம் சோதித்துச் சான்றளித்துப் பட்டியலிட்டிருக்கிறது.

விலையைக் குறைக்க வேண்டிய புதிய மடிக்கணினியில் நிலைமை வேறு. பத்து ரிங்கிட் மிச்சம் என்றால்கூட அங்கே வேறு சில்லு மாறும். மீடியாடெக் எம்டி7902 என்ற வைஃபை சில்லு அப்படிப் பல மலிவு மாடல்களில் நுழைந்தது. அதற்குப் பல ஆண்டுகள் லினக்ஸ் டிரைவரே இல்லாமல் இருந்தது. ரியல்டெக்கின் சில மலிவு வைஃபை சில்லுகளும் ஒரு காலத்தில் இதே தலைவலியைக் கொடுத்தன. இப்போது பலவற்றுக்குக் கருவுக்குள்ளேயே டிரைவர் வந்துவிட்டது. குறைந்த விலைச் செலரான் மடிக்கணினிகள் சிலவற்றில் இஎஸ்8336 என்ற ஒலிச் சில்லு இருந்தது. படம் ஓடும், சத்தம் வராது. ஒலியை வைத்துப் பிழைக்கிற எனக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

ஆக, கடையில் பளபளவென்று இருக்கும் புதிய 1,200 ரிங்கிட் பெட்டியைவிட, மூலை தேய்ந்த ஏழு வயது திங்க்பேட் லினக்ஸுக்கு நல்ல துணையாக அமைவது உண்டு. எப்போதும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. இன்டெல் என்100 செயலி, 8 ஜிபி ரேம், முறையான எஸ்எஸ்டி கொண்ட புதிய மலிவு மாடல்களில் லினக்ஸ் அழகாக ஓடுவதும் உண்டு. சோதித்தால்தான் தெரியும்.

சோதனைக்குப் போவதற்கு முன், விளம்பர அட்டையிலேயே படித்துத் தள்ளிவிடக்கூடியவை சில இருக்கின்றன. 4 ஜிபி ரேம் என்று போட்டிருந்து, அதைக் கூட்ட முடியாதபடி பலகையோடு பற்றவைத்திருந்தால் வேண்டாம். “லினக்ஸ் இலேசானது, 4 ஜிபி தாராளம்” என்பார்கள். லினக்ஸ் மின்ட் 2 ஜிபியிலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி என்று அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் உங்கள் பையன் மின்ட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போவதில்லை. உலாவியில் கூகுள் கிளாஸ்ரூம், யூடியூப், கேன்வா, அதற்கு மேல் ஒரு கூகுள் மீட். உலாவி விண்டோஸில் எவ்வளவு தின்னுமோ ஏறக்குறைய அவ்வளவு இங்கேயும் தின்னும். லினக்ஸ் போட்டால் 4 ஜிபி 8 ஜிபி ஆகிவிடாது. பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. 8 ஜிபி போட்டே விற்கிறவரிடம் வாங்குங்கள்.

அடுத்தது சேமிப்பு. 64 ஜிபி இஎம்எம்சி என்று எழுதியிருந்தால், அது கைப்பேசி வகை நினைவுச் சில்லு. எஸ்எஸ்டியைவிட மெதுவானது, பலகையோடு ஒட்டியிருப்பதால் மாற்றவும் முடியாது. விண்டோஸ் புதுப்பிப்பு வந்தாலே இடமில்லை என்று மூச்சுத் திணறும் பெட்டிகள் இவை. மின்ட் 20 ஜிபியில் அடங்கிவிடும் என்பதால், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் அப்படியொரு பெட்டிக்கு லினக்ஸ் நல்ல வைத்தியம். காசு கொடுத்துப் புதிதாக வாங்குவதற்கு அது காரணமாகாது.

1மலேசியா நெட்புக் காலத்துக் குட்டிக் கணினியை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நாள் ஆட்டம் செயலிகள் சில 32-பிட் மட்டுமே. உபுண்டுவும் மின்ட்டும் அவற்றுக்கான பதிப்பை நிறுத்திவிட்டன. 64-பிட் என்றாலும் இன்றைய இணையப் பக்கங்களை அது இழுக்காது. நினைவுப் பொருளாக இருந்துவிட்டுப் போகட்டும்.

மலிவாகக் கிடைக்கும் பழைய குரோம்புக்குகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். ஆனால் அதை எடுத்துவிட்டு மின்ட் போடுவது மாடலுக்கு மாடல் வேறுபடும் சிக்கலான வேலை. ஒவ்வொரு குரோம்புக்குக்கும் கூகுள் புதுப்பிப்பு நிறுத்தும் தேதி உண்டு. 2021 முதல் வந்த மாடல்களுக்குப் பத்தாண்டு என்று நீட்டித்திருக்கிறார்கள். அமைப்புகளில் அந்தத் தேதியைப் பாருங்கள். இன்னும் காலம் இருந்தால் குரோம்புக்காகவே பயன்படுத்துங்கள். தேதி கடந்துவிட்டதை ‘லினக்ஸ் போட்டுக்கலாம் பாஸ்’ என்று விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

இப்போது பதினைந்து நிமிடச் சோதனை. லினக்ஸின் பெரிய வசதியே இதுதான்: கணினியில் ஏற்றாமலேயே தம்ப் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாது. வீட்டில் கிடக்கும் பழைய 8 ஜிபி தம்ப் டிரைவ் போதும். மின்ட்டின் தளத்திலிருந்து ஏறக்குறைய 3 ஜிபி கோப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச மென்பொருள் வழியாக டிரைவில் எழுத வேண்டும். அதிலிருக்கும் பழைய கல்யாணப் படமெல்லாம் அழிந்துவிடும். முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். பதிவிறக்குவது அண்மைய பதிப்பாக இருக்கட்டும். கரு புதியதாக இருந்தால் புதிய சில்லுகளை அடையாளம் காணும் வாய்ப்பு கூடும்.

அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். புக்கிட் பிந்தாங்கின் லோயாட் பிளாசாவாக இருந்தாலும், கிள்ளானில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையாக இருந்தாலும், வார நாளில் போவது நல்லது. சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. “பாஸ், இதுல யூஎஸ்பி போட்டு ஒருதடவை ஓட்டிப் பார்த்துக்கலாமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பழைய கணினியைச் சோதிக்கவே விடாத கடையில் வாங்காமலிருப்பது உத்தமம்.

கணினியை முடுக்கியவுடன் லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் என்றால் எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். தம்ப் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஏசரில் எஃப்12-ஐ முதலில் பயோஸுக்குள் போய் இயக்கிவிட வேண்டியிருக்கும்.

பயோஸ் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நிறுவனங்கள் கழித்துவிட்ட கணினிகளில் பயோஸுக்குக் கடவுச்சொல் போட்டிருப்பார்கள். பூட்டிய பயோஸ் என்றால் பிறகு எந்த மாற்றமும் செய்ய முடியாது. திங்க்பேட்டில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10 அழுத்தி உள்ளே போய்ப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் “எடுத்துக் கொடுங்க, அப்புறம் வர்றேன்” என்று சொல்லிவிடுங்கள். விண்டோஸைத் திறந்ததுமே ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அலுவலக மின்னஞ்சலைக் கேட்கும் கணினிகளும் உண்டு. லினக்ஸ் அந்தப் பூட்டைச் சட்டைசெய்யாது என்பதால் சிலர் லினக்ஸைச் சாக்காக வைத்து அதைத் தள்ளிவிடப் பார்க்கலாம். முறையாகக் கழிக்கப்பட்ட கணினிதானா என்று கேட்க வேண்டிய இடம் அது.

மின்ட் திரை வந்துவிட்டதா? முதலில் வைஃபை. கடையின் வைஃபையைக் கேட்க வேண்டாம். உங்கள் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டோடு இணைத்துப் பாருங்கள். வலைகளின் பெயர்ப் பட்டியலே வரவில்லை என்றால் டிரைவர் இல்லை என்று பொருள். விவரம் தெரிந்தவருக்கு அது தீர்க்கக்கூடிய சிக்கலாக இருக்கலாம், யூஎஸ்பி வைஃபை செருகியும் சமாளிக்கலாம். முதன்முதலாக லினக்ஸ் தொடுகிறவருக்கு இந்தக் கணினி வேண்டாம்.

இணைந்துவிட்டால் யூடியூபைத் திறந்து ஒரு பாட்டைப் போடுங்கள். ஒலிபெருக்கியில் வருகிறதா, இயர்போன் செருகினால் அதற்கு மாறுகிறதா, எடுத்தால் திரும்புகிறதா? மைக்கைச் சோதிக்காமல் வந்துவிடாதீர்கள். கூகுள் மீட்டைத் திறந்து, உங்கள் துணைவியையோ நண்பரையோ கைப்பேசியில் அழைத்து இரண்டு நிமிடம் பேசினால் கேமரா, மைக், ஒலிபெருக்கி மூன்றும் ஒரே அடியில் தெரிந்துவிடும். பிடிபிஆர் காலத்தில் ஆசிரியர் குரல் கேட்டு, பிள்ளை குரல் போகாமல் அல்லாடியது பல வீடுகளுக்கு நினைவிருக்கும்.

பிறகு மூடியை மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். திரை உயிர் பெறுகிறதா, வைஃபை மீண்டும் இணைகிறதா? தூங்கிய கணினி எழாமல் போவது லினக்ஸில் இன்னமும் நடக்கும் தொல்லை. காத்திருக்கும் நேரத்தில் கடைக்காரரிடம் விலை பேசலாம். அதன்பின் வெளிச்சம், ஒலி விசைகளை அழுத்திப் பாருங்கள். தொடுபலகையில் இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்துங்கள். கைரேகை உணரி வேலை செய்யாவிட்டால் கவலை வேண்டாம். பலவற்றில் செய்யாது, கடவுச்சொல் இருக்கிறது.

மெனுவில் ‘பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்ற செயலி இருக்கும். பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொண்டது, இன்று நிரம்பினால் எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு எண்களையும் காட்டும். 45 என்று பிறந்தது 30-இல் நின்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. விலை பேச உதவும் எண் அது. ‘டிஸ்க்ஸ்’ செயலி உள்ளிருக்கும் சேமிப்பைக் காட்டும். எதுவுமே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம். சில கணினிகளில் பயோஸில் சேமிப்பு ‘ரெய்டு’ என்று வைக்கப்பட்டிருக்கும். அதை ‘ஏஎச்சிஐ’ ஆக்கினால் பெரும்பாலும் தெரியும். அது புதிதாகக் கழுவி ஏற்றும் கணினிக்குச் சரி. உங்கள் விண்டோஸ் இன்னும் உள்ளே இருக்கும் கணினியில் அப்படி மாற்றினால் விண்டோஸ் எழாமல் போகலாம்.

வீட்டுக் கணினியிலேயே சோதிக்கிறீர்கள் என்றால் இன்னொரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 பல கணினிகளில் வட்டைத் தானாகவே பூட்டெழுத்தாக்கி வைத்திருக்கும். பயோஸில் கை வைத்தால் மீட்புச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி தேறிவிட்டது. குடும்பம் தேறுமா?

பள்ளிப் பிள்ளைக்குப் பெரும்பாலான வேலை இன்று உலாவியில்தான். கல்வியமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளமும் அதில் வரும் கூகுள் கிளாஸ்ரூமும் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் திறக்கும். கேன்வா, வாட்ஸ்அப் வெப், இணைய வங்கி, வருமான வரிப் படிவம் எல்லாம் அப்படியே. ஸூமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு. கட்டுரைக்கும் படைப்புக்கும் லிப்ரே ஆபிஸ் இலவசம். ஆனால் மைக்ரோசாப்ட் வேர்டில் அலங்காரமாகச் செய்த கோப்பை அதில் திறந்தால் வரிகள் நகரும், பெட்டிகள் இடம் மாறும். டெலிமா கணக்கோடு மைக்ரோசாப்டின் இணைய வேர்டும் கிடைப்பதால் அதை உலாவியில் திறப்பது ஒரு வழி.

ஒத்துவராதவையும் இருக்கின்றன. அடோபி ஃபோட்டோஷாப், பிரீமியர், ஆட்டோகேட் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. கல்லூரி அவற்றைக் கேட்டால் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். சில கல்வி நிலையங்கள் இணையத் தேர்வுக்குப் பயன்படுத்தும் சேஃப் எக்ஸாம் பிரவுசருக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. கடைக்கணக்கு மென்பொருளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கும் சிறு வணிகர்கள் அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவைப்பது நல்லது. ரோப்லாக்ஸுக்கு அதிகாரபூர்வ லினக்ஸ் பதிப்பு இல்லை என்பதை வீட்டிலுள்ள பத்து வயதுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே புரட்சி வெடிக்கும். ஒலிப்பதிவு ஆசை இருப்பவர்களுக்கு ஆடாசிட்டி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் இருக்கும் திறந்த மூல மென்பொருள் அது. விண்டோஸில் பழகியவர்களுக்கு லினக்ஸில் மாற்றமே தெரியாது.

நமக்கென்று ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: தமிழ். படிப்பதற்குத் தடையில்லை. நோட்டோ, லோகித் போன்ற இலவச யூனிகோடு எழுத்துருக்கள் லினக்ஸில் கிடைக்கின்றன. தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையைச் சேர்த்தால் 1999-இல் சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகையும், ‘அம்மா’ என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் முறையும் கிடைக்கும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் பழகியவர்களுக்குச் சில சேர்க்கைகள் மாறும். விரல் பழக நாளாகும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு வேறு சங்கடம் உண்டு. லதா எழுத்துரு விண்டோஸோடு வருவது. லதாவில் அமைத்த பயிற்சித்தாளை லினக்ஸில் திறந்தால் வேறு எழுத்துரு அந்த இடத்தில் வந்து உட்காரும், பக்கம் நீளும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த பழைய தேர்வுத்தாளாக இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் போலவே கந்தர்கோலமாகத் தெரியும். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால், கட்டற்ற மென்பொருள் பற்றிக் கணியம் என்ற தமிழ் இணைய இதழ் எளிய நடையில் நிறைய எழுதி வைத்திருக்கிறது.

அரசாங்கங்கள் இதை முயன்று பார்க்காமல் இல்லை. நம் நாட்டில் மம்பு 2004-லேயே அரசுத்துறைகளுக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் இன்னும் பெரியது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கடைக்காரர் கூப்பிடும் பாஸ் அல்ல. டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007-இல் வெளிவந்த இந்திய இயங்குதளம். முடுக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். அந்தக் கணினிகளில் லினக்ஸ் ஓடுமா என்ற சந்தேகத்துக்கே இடமில்லை, ஏற்றித்தானே கொடுத்தார்கள். ஆனால் இரண்டு கதவு இருந்தால் பழகிய கதவைத்தான் கை தேடும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால்தான் மற்றக் கதவு திறக்கும். கடையில் எனக்கு முதலில் எழும் கேள்வியும் அதுதான்: வீட்டில் இதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்? ஆர்வமுள்ள அக்காவோ, கணினி படிக்கும் மாமா மகனோ இருந்தால் தைரியமாக இறங்கலாம். யாருமே இல்லை என்றால் எட்டாம் தலைமுறைச் செயலிக்கு இன்னும் நூறு, இருநூறு ரிங்கிட் சேர்த்து, உரிமத்தோடு கூடிய விண்டோஸ் 11 கணினி வாங்குவது நிம்மதி.

உரிமத்தோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். கள்ள விண்டோஸ், கள்ள ஆபிஸ், அவற்றைத் திறக்க ஒரு ‘ஆக்டிவேட்டர்’ என்று ஏற்றிக் கொடுப்பது நம் ஊரில் புதிதல்ல. அந்த ஆக்டிவேட்டர்களில் நச்சுநிரல் ஒளிந்திருப்பது உலகறிந்த விஷயம். அதே கணினியில்தான் அம்மா வங்கிக் கணக்கைத் திறக்கிறார். கள்ள விண்டோஸா, முறையான லினக்ஸா என்று கேட்டால் எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

கிள்ளான் அம்மாவுக்கு நான் பதிலாக மூன்று கேள்விகளை அனுப்பினேன். ரேம் எவ்வளவு? வைஃபை இன்டெலா? பையனுக்குக் கணினியைக் குடைந்து பார்க்கும் பழக்கம் உண்டா? 8 ஜிபி, இன்டெல், “அவன் என் போனையே கழட்டிட்டான் தம்பி” என்று பதில் வந்தது. கடையில் மின்ட் போட்டே காட்டச் சொல்லுங்கள், மூடியை மூடித் திறந்து பாருங்கள், எல்லாம் சரியென்றால் 650-க்கு வாங்கலாம் என்றேன்.

வாங்கும்போது ரசீதில் மாடல் எண்ணையும், ஒரு வாரத்துக்குள் கோளாறு என்றால் மாற்றித் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரம் பிள்ளை அதில் உண்மையான வீட்டுப்பாடம் செய்யட்டும். பள்ளியின் வைஃபையிலும், அச்சுப்பொறியோடும் இணைத்துப் பார்க்கட்டும். வருமான வரி கட்டுகிறவர்களுக்கு அந்த ரசீது இன்னொரு முறையும் உதவும். சொந்தப் பயன்பாட்டுக்கான கணினி, வாழ்க்கைமுறை வரி விலக்கில் சேரும். புத்தகம், கைப்பேசி, இணையக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை கோரலாம். ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறார்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஓராண்டிலேயே மங்கிவிடும் என்பதால், கடை வாசலிலேயே ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.